செத்த மாட்டை நாய் கடித்துவிட்டது: அடைப்பான் பரவுமா?

கேள்வி: தாளவாடிப் பக்கம் காட்டை ஒட்டி மாடு மேய்க்கிறோம். நேற்று சாயங்காலம் வரை நன்றாக இருந்த பசு விடியலில் செத்துக் கிடந்தது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம், உறையவே இல்லை. நாய்கள் தொடையைக் கடித்துவிட்டன. நாய், காட்டுப்பன்றி, கழுகு மூலமாக மற்ற மாடுகளுக்கும் வருமா? தோலை உரிக்கலாமா?

பதில்: உரிக்கவே கூடாது. நீங்கள் சொல்வதெல்லாம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகள். உடனே கால்நடை உதவி எண் 1962-க்கோ உங்கள் கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள். மருத்துவர் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார். வயிற்றைக் கிழித்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள்.

காரணம் இதுதான். தோல் கிழியாத சடலத்துக்குள் காற்று புகாது. நம் வெயிலில் அழுகும்போது உள்ளே இருக்கும் கிருமி 2, 3 நாளில் பெரும்பாலும் அழிந்துவிடும். நாயோ பன்றியோ கிழித்து ரத்தம் மண்ணில் சிந்தினால் கிருமி காற்றுப் பட்டு ஸ்போராக, அதாவது கெட்டியான உறை போர்த்திய உறங்கும் வித்தாக மாறும். ஸ்போர் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். கோடையில் புல் கட்டையாகி, மாடு வேரோடு மண்ணையும் சேர்த்து மேயும்போது வாய்க்குள் போய்விடும்.

ஆக, நாய்க்கு நோய் வந்து அது மாட்டுக்குத் தொற்றுகிறது என்று நினைக்க வேண்டாம். நாய் இந்தக் கிருமியை ஓரளவு தாங்கும். ஆனால் எலும்பையும் கறியையும் இழுத்துப்போய்ப் பட்டியோரம் போடும், சாணத்திலும் ஸ்போரை விடும். பாறு எனும் பிணந்தின்னிக் கழுகின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, இருந்தாலும் அலகிலும் காலிலும் ஒட்டிய ரத்தத்தோடு அது குட்டையில் இறங்கிக் குளிக்கும். ஈக்கள் சடலத்தை மொய்த்துவிட்டு இலைகளில் எச்சமிடும், தழை கடிக்கும் ஆட்டுக்கு அது ஆபத்து. காட்டுப்பன்றியோ தானே சாகக்கூடியது. 2022-ல் கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகள் அடைப்பானால் செத்தன. அதனால் காட்டில் செத்த விலங்கைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், அருகே மேய்க்காதீர்கள்.

இப்போதைக்கு நாய்களைக் கட்டிப் போட்டு, சடலத்தைத் தார்ப்பாயால் மூடிக் காவல் வையுங்கள். கையுறை, பூட்ஸ் இல்லாமல் தொடக்கூடாது. 10 சதவீத ஃபார்மலின் எனும் கிருமிநாசினியில் நனைத்த துணியால் மூக்கு, வாய், ஆசனவாயை அடைக்க வேண்டும். இழுத்துச் செல்லாமல் செத்த இடத்திலேயே 6 அடிக்குக் குறையாமல் குழி தோண்டுங்கள். கிணறோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் மட்டும் இடம் மாற்ற வேண்டும். ரத்தம் பட்ட மண்ணையும் சுரண்டிக் குழிக்குள் போடுங்கள். மேலே கல்லும் முள்ளும் அடுக்காவிட்டால் பன்றி தோண்டிவிடும். பலரும் சுண்ணாம்பு கொட்டுவார்கள். கால்சியம் ஸ்போரைக் காக்கக்கூடும் என்பதால் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டி அதைப் பரிந்துரைப்பதில்லை. விறகு கிடைத்தால் முழுதும் எரிப்பது இன்னும் நல்லது.

சடலத்தைத் தொட்டவர் கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்ற மாடுகளின் காய்ச்சலைத் தினமும் பாருங்கள். தடுப்பூசி மாட்டுக்கு 1 மில்லி, ஆட்டுக்கு அரை மில்லி, தோலுக்கடியில், ஆண்டுக்கு ஒரு முறை. அதில் இருப்பது உயிருள்ள ஸ்போர். காய்ச்சல் மாட்டுக்குப் பென்சிலின் போட்ட கையோடு அதே மாட்டுக்கு இதையும் போட்டால் ஊசி வீணாகும். எதை முதலில் போடுவது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.