சிறிய கேமிங் கணினியா, கொன்சோலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கொன்சோலின் அளவுள்ள பெட்டிக்குள் கேமிங் கணினி பொருத்தித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். எமது வீடு கல்லடியில், கடலுக்கு அண்மையில் உள்ளது. குளிரூட்டி இல்லாத அறையில் தாங்குமா?

பதில்: அளவைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. 2020 இல் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் 5 கொன்சோலின் பருமன் ஏறத்தாழ 10 லீற்றர். 170 மில்லிமீற்றர் சதுரமான மினி ஐ.டி.எக்ஸ் எனும் சிறிய தாய்ப்பலகையையும், விளையாட்டின் படங்களை உருவாக்கும் தனிக் கிராபிக்ஸ் கார்டையும் அவ்வளவு இடத்துக்குள் அடக்கும் பெட்டிகள் கிடைக்கின்றன. சிக்கல் வெப்பத்தில்தான். கொன்சோலில் செயலியும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே சில்லில் இருப்பதால் ஒரு பெரிய விசிறியே போதுமானது. விளையாடும்போது முழுப் பெட்டியும் சுமார் 200 வாட் இழுக்கும். சிறிய கணினியிலோ கிராபிக்ஸ் கார்ட் மட்டுமே அவ்வளவையும் இழுத்துவிடக்கூடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறைக்குள்ளேயே 33 பாகை நிற்கையில், நெருக்கமான பெட்டியின் விசிறிகள் ஓய்வின்றி இரையும்.

உப்புக் காற்றையும் மறந்துவிடக் கூடாது. பழுதென்று என்னிடம் வந்த ஒரு சிறிய பெட்டியைத் திறந்தபோது, பவர் சப்ளையின் வலைக்குள் இரண்டு பல்லி முட்டைகளும், கார்டைப் பிடித்திருந்த திருகாணிகளில் துருவும், விசிறிச் சிறகுகளில் விரலால் வழித்தெடுக்கக்கூடிய பிசுபிசுத்த தூசியும் இருந்தன. கொன்சோலுக்கும் இதே கதி நேரலாம். ஆனால் பிளேஸ்டேஷன் 5 இன் பக்கத் தட்டைக் கையாலேயே கழற்றி, தூசி சேரும் துளைகளை உறிஞ்சியால் துப்புரவாக்கலாம். கணினிதான் வேண்டுமென்றால் வலைமுகப்புள்ள, சற்றுப் பெரிய பெட்டியை வாங்கி, கிராபிக்ஸ் கார்டின் மின் எல்லையை (அது இழுக்கக்கூடிய உச்ச மின்சாரத்தை) 80 சதவீதத்துக்கு இறக்கி வையுங்கள். வேகம் சிறிதளவே குறையும், வெப்பம் நன்றாகவே தணியும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. வீட்டிலுள்ள 650 வி.ஏ. கொள்ளளவுள்ள யூ.பி.எஸ் (மின்சாரம் போனால் மின்கலத்திலிருந்து சிறிது நேரம் மின் தரும் கருவி) கொன்சோல், கணினி இரண்டில் எதற்குப் போதும்?

பதில்: அத்தகைய யூ.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். கொன்சோலும் தொலைக்காட்சியும் அதற்குள் அடங்கிவிடும். விளையாட்டைச் சேமித்து நிறுத்தச் சில நிமிடங்கள் கிடைக்கும். 400 வாட் இழுக்கும் கணினியைக் கொளுவினால் மின்சாரம் போன கணமே யூ.பி.எஸ்ஸும் கைவிட்டுவிடும். விலை குறைந்த யூ.பி.எஸ்கள் வீட்டு மின்சாரத்தின் சீரான சைன் அலைக்குப் பதிலாகப் படிப்படியான அலையைத் தருவதால், இக்காலத்துப் பவர் சப்ளைகள் சில சுமை குறைவாக இருக்கும்போதும் அணைந்துவிடுவதுண்டு. ஆகவே கணினிக்கு 1000 வி.ஏ. இற்கு மேற்பட்ட சைன் அலை யூ.பி.எஸ்ஸின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மின்கட்டணமும் உண்டு: நாளுக்கு மூன்று மணிநேரம் விளையாடினால் கொன்சோலுக்கு மாதம் 18 அலகும், 400 வாட் கணினிக்கு 36 அலகும் செலவாகும். நம் நாட்டில் பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறுவதால், அந்த 18 அலகு வித்தியாசம் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

கேள்வி: காத்தான்குடியில் மூன்று பிள்ளைகள் உள்ள வீடு. எதில் விளையாட்டுகள் மலிவு?

பதில்: டிஸ்க் போடும் கொன்சோலை வாங்குங்கள். ஒரு டிஸ்க்கை முடித்துவிட்டு நண்பரிடம் மாற்றலாம், விற்கவும் செய்யலாம், 100 ஜி.பி.யைத் தாண்டும் தரவிறக்கத்திலும் ஓரளவு மிச்சமாகும். டிஸ்க் இல்லாத எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. கணினியில் ஸ்டீம் எனும் இணைய விளையாட்டுக் கடையின் கழிவு விலைகள் கவர்ச்சியானவை, இணையத்தில் கூடி விளையாடச் சந்தாவும் தேவையில்லை. ஆனால் அங்கே வாங்கியதை விற்க முடியாது. பிளேஸ்டேஷனில் ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளைத் தவிர்த்துப் பெரும்பாலானவற்றை இணையத்தில் கூடி விளையாடச் சந்தா கட்டவேண்டும்.

கேள்வி: ஒலுவிலில் பல்கலைக்கழக மாணவன். படிப்புக்கும் விளையாட்டுக்கும் ஒன்றே வேண்டும்.

பதில்: கணினிதான். ஒப்படை எழுதக் கொன்சோல் உதவாது.

கேள்வி: உள்ளங்கை அளவு மினி பி.சி. ஒன்று "4கே" என்ற விளம்பரத்தோடு மலிவாகக் கிடைக்கிறது. கொன்சோலுக்கு ஈடாகுமா?

பதில்: ஈடாகாது. அந்த 4கே என்பது திரைக்கு அனுப்பக்கூடிய படத்தின் அளவு; காணொளி பார்க்கப் பொருந்தும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மலிவான பெட்டியில் புதிய பெரிய விளையாட்டுகள் 1080பி என்ற, 4கேயைவிடக் குறைந்த படத்தெளிவிலேயே திணறும். பழைய கிரிக்கெட், கால்பந்து விளையாட்டுகள் போதுமென்றால் வாங்கலாம்.