சிகிரியா: உச்சிக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பிள்ளைகளோடு சிகிரியா போக இருக்கிறோம். “மேல செங்கல் அத்திவாரத்தைத் தவிர ஒண்டும் இல்ல” என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஏறுவது வீண்தானா? (ஏறாவூர் வாசகி)

பதில்: பாறை உச்சியைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய சரி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் கட்டிய மாளிகையில் அத்திவாரமும் பாறையில் வெட்டிய குளமுமே பெரிதாக மிஞ்சியிருக்கின்றன. சரக்கெல்லாம் நடுவழியில்தான். சுமார் 1,200 படிகளில் பாதிவாக்கில் ஓர் இரும்புச் சுழல்படி வரும். அதில் ஏறினால், பாறைக் குழிவுக்குள் முகிலிலிருந்து எழுந்த மாதிரி இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் பெண்கள், 20 பேர் அளவில். உமியும் நாரும் பிசைந்த களிமண்ணைப் பூசி, மேலே சுண்ணாம்புச் சாந்தை இழைத்து, காவி, மஞ்சள், பச்சை மண்நிறங்களால் வரைந்திருக்கிறார்கள். மழைநீர் உள்ளே வராத குழிவு என்பதால்தான் இவ்வளவாவது தப்பியது. ஒருத்திக்கு மூன்று கை இருப்பதைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஓவியர் கையின் நிலையை மாற்றி வரைந்ததன் தடம் அது.

1967இல் யாரோ பச்சைப் பெயின்ற் ஊற்றி, கொத்திச் சிதைத்த பிறகு காவல் கடுமை. படம் எடுக்க முடியாது. இடமும் ஒடுக்கம், கூட்டம் சேர்ந்தால் நின்று பார்க்க விடமாட்டார்கள். ஆகவே வாசல் திறந்ததும் ஏறிவிடுங்கள். அதற்காக நடுச்சாமத்தில் மட்டக்களப்பிலிருந்து வான் எடுக்க வேண்டாம். வெலிக்கந்தைப் பக்கமும் மின்னேரியா–ஹபரணை வீதியிலும் இருட்டில் யானை நிற்கும். முதல்நாள் பின்னேரமே போய் ஹபரணையிலோ இனாமலுவையிலோ தங்குவதுதான் புத்தி. கொழும்பு பஸ்ஸில் போனால் இனாமலுவைச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். எல்லோரும் அடையாள அட்டை கொண்டுபோங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் சொந்தக்காரருக்கு டிக்கட் விலை வேறு, தலை சுற்றும்.

கேள்வி: கண்ணாடிச் சுவரில் கவிதைகள் இருக்கிறதாம். நான் பார்த்தபோது வெறும் மஞ்சள் சுவர்தான் தெரிந்தது. (கல்முனை வாசகர்)

பதில்: கண்ணாடி போல மினுங்க இழைத்த சாந்துச் சுவர் என்பதால்தான் அந்தப் பெயர். நேரே நின்று பார்த்திருப்பீர்கள். எழுத்துகள் மயிரிழை அளவுக் கீறல்கள். சுவரோடு ஒட்டிய கோணத்தில், வெளிச்சம் சாய்வாக விழும் பக்கமிருந்து பாருங்கள். வரிகள் எழும்பி வரும். அந்தக் காலத்தில் ஓவியப் பெண்களைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் எழுதியவை அநேகம். தொல்லியலாளர் பரணவிதான 685 பாடல்களைப் படித்து 1956இல் வெளியிட்டார். அவர்கள் எழுதினார்களே என்று நாமும் எழுதக்கூடாது! 2015இல் மட்டக்களப்பிலிருந்து போன ஒருவர் அங்கே தன் பெயரைக் கீறி, 2 வருடச் சிறைத்தண்டனை பெற்று, ஜனாதிபதியின் மன்னிப்பில்தான் வெளியே வந்தார். விரலாலும் தொட வேண்டாம், வியர்வை சாந்தைக் கெடுக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் நோவு. கீழே அவர் பார்க்க ஏதும் உண்டா? (அக்கரைப்பற்று வாசகி)

பதில்: உண்டு. தெற்குப் பக்கம், வெளியேறும் வழியில் நாகபடக் குகை இருக்கிறது. படமெடுத்த நாகம் போன்ற பாறை. அதன் கூரையில் பழைய வண்ணக் கோலம், விளிம்பில் பிராமி எழுத்து. உச்சி ஏற்றத்தோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை, கைபிடித்து மெல்லக் கூட்டிப் போகலாம். நுழைவதும் வெளியேறுவதும் வெவ்வேறு இடம் என்பதால், வானை வெளிவாசல் தரிப்பிடத்தில் நிற்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் திரும்பவும் சுற்றி நடக்க வேண்டிவரும்.