படகின் பெயரில் வேரியபிள் வேண்டுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் அப்பா மீன் ஏலம் விடுகிறார். அவருக்காக பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறேன். படகின் பெயரை டைப் செய்தால் அந்தப் பெயரிலேயே ஒரு வேரியபிள் உருவாகி, வஞ்சிரத்தின் எடை அதில் சேர வேண்டும். எப்படிச் செய்வது?

பதில்: செய்ய முடியும். 'பொன்னி = 45' என்று ஒரு வரியைக் கோர்த்து, எழுத்தைக் கட்டளையாக ஓட்டும் எக்ஸெக் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் வேரியபிள் உருவாகிவிடும். பைத்தான் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும். ஆனாலும் இந்த வழி வேண்டாம்.

பொன்னி உருவாகிவிட்டது, சரி. அப்புறம் அதை எப்படிக் கூப்பிடுவீர்கள்? நாளைக்கு எந்தப் படகு கரைக்கு வரும் என்று புரோகிராம் எழுதும்போது உங்களுக்குத் தெரியாது. தெரியாத பெயரை எந்த வரியில் எழுதுவது? கடைசியில், உருவான வேரியபிள்களைக் காட்டும் குளோபல்ஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் தேட வேண்டியதுதான். அது தருவதே ஒரு டிக்ஷனரி, அதாவது பெயரும் மதிப்பும் ஜோடியாக உள்ள பட்டியல்! அதற்கு நீங்களே ஒரு டிக்ஷனரி வைத்துக்கொள்ளலாமே. போதாக்குறைக்கு, 'கடல் ராணி' என்று நடுவில் இடம் விட்டு யாராவது அடித்தால் எக்ஸெக் எரர் காட்டி நின்றுவிடும். விஷமக்காரர் ஒருவர் பெயருக்குப் பதில் ஃபைலை அழிக்கும் கட்டளையை அடித்தால் அதையும் சமர்த்தாக ஓட்டிவிடும்.

ஏல நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் படகு, வலது பக்கம் எடை. டிக்ஷனரி அதேதான்:

வரவு = {}
வரவு[படகு] = எடை

இங்கே 'படகு' என்ற வேரியபிளுக்குள் பயனர் அடித்த பெயர் இருக்கிறது. இடம் விட்டாலும், எண்ணில் தொடங்கினாலும் கவலையில்லை. ஒரே படகு இரண்டாம் கூடை இறக்கினால், பழைய எடையை கெட் மெத்தடில் எடுத்துப் புதியதைக் கூட்டுங்கள். இல்லாத படகுக்கு 0 தரச் சொன்னால் கீ எரர் வராது. இன்புட் தருவது எழுத்துச்சரம் என்பதால் எடையை முதலில் ஃப்ளோட் (தசம எண்) ஆக்க மறக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; டிக்ஷனரிக்கு வேறு வேறு. பொன்னி இரண்டு படகாகிவிடும், கணக்கு உதைக்கும். பெயரை உள்ளே போடுமுன் ஸ்ட்ரிப் செய்து ஓரத்து வெற்றிடத்தை நீக்கி, யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) மாற்றிவிடுங்கள்.

புரோகிராமை மூடினால் டிக்ஷனரியும் போய்விடும். ஏலம் முடிந்ததும் அதை ஜேசன் என்ற எளிய டெக்ஸ்ட் வடிவ ஃபைலாகச் சேமித்துவிடுங்கள்.