ரோலர் மேல் ஏறிய ஹெல்கேட்: வாசகர் கேள்வி – பதில்

2015 மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டை அமெரிக்காவில் டைனோவில் (சக்கரத்தை உருளை மேல் சுழலவிட்டுப் பவரை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. 6.2 லிட்டர் வி8 எஞ்சின், அதன் தலைமேல் காற்றை நெருக்கி உள்ளே தள்ளும் 2.4 லிட்டர் இரட்டைத் திருகு சூப்பர்சார்ஜர், 707 ஹார்ஸ்பவர். கமரோ இசட்எல்1, ஷெல்பி ஜிடி500 வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதில்களில் பெரும்பகுதி பொருந்தும். கியர் கணக்கும் சாவிக் கதையும் மட்டும் அவர்களுக்கு வேறு.

கேள்வி: கம்பெனி சொன்னது 707. டைனோஜெட் கம்பெனியின் டைனோவில் 628 வந்தது. இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில் மஸ்டாங் என்ற கம்பெனியின் டைனோவில் ஏற்றினால் 575தான். எஞ்சின் படுத்துவிட்டதா? (மிச்சிகன் வாசகர்)

பதில்: எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. 707 என்பது கிராங்க்கில், அதாவது எஞ்சினின் சுழல் தண்டில் அளந்த பவர். அது கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் எல்லாவற்றையும் கடந்து ரோலருக்கு வரும்போது 10 முதல் 15 சதவீதம் வழியிலேயே போய்விடும். உங்களுக்குப் போனது 11 சதவீதம். கை வைக்காத ஹெல்கேட்டுக்கு 628 நல்ல எண்.

இனி அந்த 575. டைனோஜெட்டின் வழக்கமான மாடல்கள் எடை தெரிந்த கனமான உருளையைச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறது என்பதை வைத்துப் பவரைக் கணக்கிடும். மஸ்டாங் டைனோ உருளைக்கு மின்காந்த பிரேக் போட்டு, ரோட்டில் வண்டி சந்திக்கும் சுமையை ஏற்றி அளக்கும். வண்டியின் எடை, காற்றுத் தடை ஆகியவற்றுக்கான எண்களை ஆபரேட்டர்தான் உள்ளே கொடுக்கிறார். சுமை ஏறினால் ஓட்டம் நீளும், சூடும் கூடும். அதனால் அதில் எண் குறைவாக வருவது வழக்கம். இரண்டு கருவிகளின் எண்ணை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது. ஒரே கடை, ஒரே டைனோ, ஒரே கியர் என்று வைத்துக்கொண்டு, வேலை செய்வதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால் கிடைக்கும் வித்தியாசம்தான் நம்பத்தக்கது.

டைனோ தரும் சார்ட்டின் மூலையில் எந்தத் திருத்த முறை அச்சாகியிருக்கிறது என்றும் பாருங்கள். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கத்தின் முறை) என்றிருந்தால், 25 டிகிரி செல்சியஸ், 99 கிலோபாஸ்கல் வறண்ட காற்று என்ற நிலைக்குத் திருத்திய எண். எஸ்.டி.டி. என்றிருந்தால், 15.6 டிகிரி குளிர்ந்த காற்றுக்குத் திருத்தியது. அதே ஓட்டம் அதில் 3 அல்லது 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். உங்கள் 628 அங்கே 645-ஐத் தாண்டிவிடும், எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல். சார்ட்டை மடித்து இந்த மூலையை மறைத்துக் காட்டுபவர்களிடம் விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 430-ஐத் தாண்டவே இல்லை. பூஸ்டும் (சூப்பர்சார்ஜர் கூட்டித் தரும் காற்றழுத்தம்) குறைவு. எரர் கோடு எதுவும் இல்லை. (ஒகாயோ வாசகர்)

பதில்: எந்தச் சாவியோடு போனீர்கள்? ஹெல்கேட்டுக்குச் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு சாவி. கறுப்புச் சாவியில் எஞ்சின் 500 ஹார்ஸ்பவருக்கு மேல் தராது. 500-ல் 14 சதவீதம் கழித்தால் 430, கணக்கு அப்படியே பொருந்துகிறது. சிவப்புச் சாவியை எடுத்துப்போய், வேலே மோடு (வண்டியைப் பார்க்கிங் ஆளிடம் கொடுக்கும்போது பவரைக் குறைக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அதற்கு முன் எதையும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: முதல் ஓட்டம் 628, இரண்டாவது 615, மூன்றாவது 598. ஐஸ் மூட்டையை சூப்பர்சார்ஜர் மேல் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? (டெக்ஸஸ் வாசகர்)

பதில்: சூப்பர்சார்ஜர் வண்டியின் டைனோ சோதனையில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

காற்றை நெருக்கினால் சூடாகும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று, ஹெல்கேட்டின் உச்ச பூஸ்டான 11.6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்துக்கு நெருக்கப்பட்டு வெளியே வரும்போது 100 டிகிரியை ஒட்டி நிற்கும். அந்தச் சூட்டை எடுக்க சூப்பர்சார்ஜர் உறைக்குள்ளேயே இரண்டு கூலர்கள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனி கூலன்ட், தனி எலெக்ட்ரிக் பம்ப், வண்டியின் முகப்பில் தனி ரேடியேட்டர். எஞ்சின் கூலன்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரோட்டில் 200 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பில் மோதும் காற்று இந்த ரேடியேட்டரைக் குளிர்விக்கும். டைனோ அறையில் அந்த வேலையை ஒரு மின்விசிறி செய்ய வேண்டும், அதற்கு அவ்வளவு சக்தி கிடையாது. மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் அந்த ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் கையில் பிடிக்க முடிந்த ஹோஸ் இப்போது பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும்.

எஞ்சினுக்குள் போகும் காற்று 45 டிகிரியிலிருந்து 60-க்கு ஏறினால் அதன் அடர்த்தி 4 முதல் 5 சதவீதம் குறையும். சூடான கலவை தானாகவே வெடித்து நாக்கிங் ஆகிவிடுமோ என்று கம்ப்யூட்டர் ஸ்பார்க் டைமிங்கையும் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 30 ஹார்ஸ்பவர் போவது இயல்புதான்.

அதனால் ஓட்டத்தை எண்ணிக்கையை வைத்து நடத்தாதீர்கள், காற்றின் வெப்பநிலையை வைத்து நடத்துங்கள். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனரை மாட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைத் திரையில் வையுங்கள். எஞ்சின் ஆயிலும் கூலன்ட்டும் வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகு முதல் ஓட்டம். தொடங்கும்போது 45 டிகிரி என்றால், ஒவ்வொரு ஓட்டமும் 43-க்கும் 47-க்கும் நடுவில் தொடங்கட்டும். இடையில் எஞ்சினை அணைக்க வேண்டாம். அணைத்தால் பெரும்பாலான வண்டிகளில் கூலர் பம்பும் நின்றுவிடும், கீழேயுள்ள எஞ்சினின் சூடு அப்படியே மேலே ஏறி சூப்பர்சார்ஜர் உறையை ஊறவைத்துவிடும். (சேலஞ்சரின் 2018 டீமன் மாடலில், அணைத்த பிறகும் பம்பையும் விசிறியையும் ஓடவிடும் ஏற்பாட்டை டாட்ஜ் வைத்தது இதற்காகத்தான்.) பானெட்டைத் திறந்து, விசிறியை முகப்பு ரேடியேட்டருக்கு நேராக வைத்து, ஐடிலிங்கில் விடுங்கள். வெப்பநிலை பழைய இடத்துக்கு இறங்க 5 முதல் 10 நிமிடம் பிடிக்கலாம். கடைக்காரர் மணிக்கணக்கில் காசு வாங்குபவராக இருந்தாலும் இந்தக் காத்திருப்பைக் குறைக்காதீர்கள்.

ஐஸ் மூட்டையால் எண் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் அந்த வண்டி ஐஸ் சுமந்து ஓடப்போவதில்லை. புதிய பாகம் போட்டதால் எவ்வளவு கூடியது என்று அறிய வந்த இடத்தில் ஐஸ் வைத்தால், கூடியது பாகத்தாலா ஐஸாலா என்று பிறகு பிரித்துச் சொல்லவே முடியாது. வேண்டாம் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: 1:1 கியரில்தான் (எஞ்சின் வேகத்தை மாற்றாமல் கடத்தும் கியர்) ஓட்ட வேண்டும் என்று படித்தேன். என் வண்டி ஆட்டோமேட்டிக். ஆபரேட்டர் ஐந்தாவது கியரில் ஓட்டினார். தவறா? (ஜார்ஜியா வாசகர்)

பதில்: அவர் செய்ததுதான் சரி. எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் 1:1 என்பது ஆறாவது கியர். பின் ஆக்ஸில் விகிதம் 2.62. டயரின் சுற்றளவு சுமார் 2.29 மீட்டர். ஆறாவதில் 6,200 ஆர்பிஎம் தொட்டால் ரோலர் மேல் டயரின் வேகம் மணிக்கு 325 கிலோமீட்டர்! பல டைனோக்களின் எல்லையே 320-ஐ ஒட்டித்தான். ஐந்தாவதின் விகிதம் 1.29, அதில் 250-ஐச் சற்றுத் தாண்டி முடிந்துவிடும். மேனுவல் வண்டியில் நான்காவது கியர் 1:1, ஆக்ஸில் 3.70. அது 230-லேயே முடியும், அதனால் அங்கே கவலை இல்லை. 1:1 அல்லாத கியரில் எண் சற்று மாறுபடும், ஆகவே அடுத்த முறையும் அதே ஐந்தாவதில் ஓட்டச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் பேடிலால் கியரைப் பூட்டி, 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி நிதானமாக இருக்கும்போது மிதியை முழுதாக அழுத்த வேண்டும். கியர் தானாக இறங்கிவிட்டால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்து முழுதாக அணைப்பதும் முக்கியம். முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் மட்டும் பறப்பதைப் பார்த்தால் கம்ப்யூட்டர் வண்டி வழுக்குகிறது என்று நினைத்து பவரை வெட்டிவிடும்.

கேள்வி: கிராங்க் புல்லியை 10 சதவீதம் பெரிதாக்கினேன். 5,000 வரை பூஸ்ட் நன்றாக ஏறுகிறது, 5,500-க்கு மேல் விழுகிறது. பெல்ட்டை மாற்றியும் அதே கதை. (புளோரிடா வாசகர்)

பதில்: ஹெல்கேட்டில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் சூப்பர்சார்ஜர் 2.36 சுற்று சுற்றும். 6,200-ல் அது 14,600. உங்கள் புல்லியோடு 16,000-ஐத் தாண்டுகிறது. பழைய வேகத்திலேயே அதைச் சுழற்ற 80 ஹார்ஸ்பவர் வரை தேவை, அத்தனையும் அந்தப் பெல்ட் வழியாகத்தான் போகிறது. எல்லோரும் முதலில் பெல்ட்டைச் சந்தேகிப்பது நியாயமே. ஆனால் பூஸ்ட் விழ இன்னொரு காரணமும் உண்டு: உள்ளே காற்று போதாமல் மூச்சுத் திணறுவது. இரண்டையும் பிரித்தறியாமல் பாகம் வாங்காதீர்கள்.

மூன்று ஓட்டங்களின் பூஸ்ட் கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். பெல்ட் வழுக்கினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆர்பிஎம்மில் விழும், கோடும் நடுங்கும். சூப்பர்சார்ஜர் புல்லியைச் சுற்றி விரலால் துடைத்தால் கரி போல ரப்பர் தூள் வரும், பெல்ட்டின் பற்கள் பளபளவென்று இருக்கும். காற்றுத் தடை என்றால் மூன்று கோடுகளும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் இறங்கும்.

உறுதி செய்ய, ஏர் ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஹோஸ் செருகி வேக்குவம் கேஜில் மாட்டுங்கள். முழு மிதியில் முள் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 1 பி.எஸ்.ஐ. இழுத்தால் ஃபில்டரோ இன்டேக் குழாயோ போதவில்லை. உள்ளே இழக்கும் 1, வெளியே கிட்டத்தட்ட 1.8 பி.எஸ்.ஐ. பூஸ்டாக இழப்பாகும், ஏனென்றால் சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் அழுத்தத்தைப் பெருக்கித்தான் தருகிறது.

பெல்ட்தான் என்று தெரிந்தால், புதுப் பெல்ட் மட்டும் போதாது. சூப்பர்சார்ஜர் புல்லியைப் பெல்ட் எவ்வளவு தூரம் தழுவுகிறது என்று பாருங்கள். பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் சக்கரத்தை நெருக்கி அந்தத் தழுவலைக் கூட்டுவதுதான் நிரந்தர வழி. பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பூஸ்ட் கடைசியில் மட்டும் விழாமல் எல்லா ஆர்பிஎம்மிலும் குறைவாக இருந்தால், நெருக்கிய காற்றைத் திரும்ப விடும் பைபாஸ் வால்வு முழுதாக மூடுவதில்லை என்று பொருள்.

கேள்வி: டென்வரில் இருக்கிறேன். எஸ்.ஏ.இ. திருத்தம் 1.22 என்று அச்சாகிறது. பூஸ்டும் 9.6-தான். திருத்திய எண்ணை நம்பலாமா? (கொலராடோ வாசகர்)

பதில்: 1,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்தான். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜர் அதை அதே விகிதத்தில் பெருக்குவதால் கடல்மட்டத்து 11.6 அங்கே 9.6 ஆவது சரியான கணக்கு. உங்கள் வண்டி உண்மையிலேயே பவரை இழந்திருக்கிறது, ஆகவே திருத்தம் நியாயமானதே. பூஸ்டைத் தானே கட்டுப்படுத்தும் டர்போ வண்டிக்கு இதே திருத்தத்தைப் போட்டால் இல்லாத பவரைக் காட்டும். உங்களுக்கும் சிறிது மிகைப்படலாம்: அழுத்தம் குறைந்த சிலிண்டரில் நாக்கிங் பயம் குறைவு, டைமிங் பின்னுக்குப் போகாது. திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைனோவில் ஏற்றும் முன் வண்டியை எப்படித் தயார் செய்வது? (பென்சில்வேனியா வாசகர்)

பதில்: டயரின் பள்ளங்களில் சிக்கிய கற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், 250 கிலோமீட்டர் வேகத்தில் அவை தோட்டாபோல் பறக்கும். காற்று கதவோரம் ஒட்டியுள்ள அளவில் இருக்கட்டும். டாங்கில் பாதிக்கு மேல் 91 அல்லது 93 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், முழு பவரில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 5 லிட்டருக்கு மேல் குடிக்கும். பின்பக்கப் பட்டைகள் குறுக்காகக் கட்டப்பட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் ரோலரில் நசுங்கி எண் குறையும். அடுத்த முறையும் அதே இறுக்கம் இருக்கட்டும். ஓடும்போது வண்டிக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. முடிந்ததும் பிரேக்கை மிதிக்காமல் ரோலரை அதுவாகவே அடங்க விடுங்கள்.

கேள்வி: சைலன்சர் வாயில் சென்சார் வைத்து அளந்தார்கள். கலவை 12.8 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று), ஆபத்து என்றார்கள். (கலிஃபோர்னியா வாசகர்)

பதில்: அந்த இடத்து எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கடந்த புகையில், வாயில் கலக்கும் வெளிக்காற்றும் சேர்ந்து, கலவை உண்மையைவிட மெலிந்ததாக (பெட்ரோல் குறைந்ததாக) தெரியும். கன்வெர்ட்டருக்கு முன்னால், கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைத் திருகி அளக்கச் சொல்லுங்கள். முழு மிதியில் லாம்டா (பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) 0.80-ஐ ஒட்டி, அதாவது பெட்ரோல் கணக்கில் 11.8 அளவில் இருந்தால் நிம்மதி.

அங்கேயும் கோடு 0.80-ல் தொடங்கி, பூஸ்ட் ஏற ஏற 0.88 பக்கம் நகர்ந்தால் ஆபத்து உண்மையானது. அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஃப்யூயல் பிரஷரை லாக் செய்யுங்கள். பிரஷர் விழுந்தால் பம்பையும் அதற்கு வரும் வோல்டேஜையும் பாருங்கள். பிரஷர் நிலையாக நின்று கலவை மட்டும் மெலிந்தால் இன்ஜெக்டர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது.