அத்தை வீட்டுக்குப் போக எதற்கு இ.எம்.ஐ.?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். குன்னூர் பக்கம் அருவங்காட்டில் இருக்கும் என் அத்தைக்கு 74 வயது. மாமா அங்கே கார்டைட் என்கிற வெடிமருந்து பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா தவறிய பிறகு நான்கு வருடமாக அவர்களைப் போய்ப் பார்க்கவே இல்லை. அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்வர ஆசை. பிள்ளைகளுக்கு மலை ரயிலைப் பார்க்க வேண்டுமாம். டிராவல்ஸ்காரர் மூன்று நாள், இரண்டு இரவுக்கு 27,000 ரூபாய் கேட்கிறார். மாதம் 2,600 வீதம் 12 தவணையாகக் கட்டலாம் என்கிறார். தீபாவளி போனஸில் 9,500 ரூபாய் கையில் மிச்சம் இருக்கிறது. மகள் படிப்புக்காகத் தபால் நிலையத்தில் மாதம் 2,000 ஆர்.டி. கட்டுகிறேன்; 26 மாதம் ஆகிறது. தவணையில் போகலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா, இல்லை ஒரே நாளில் போய்வந்தால் போதுமா?

பதில்: ஒரே நாளில் போய்வாருங்கள். கையில் இருக்கும் 9,500 ரூபாயே போதும், மிச்சமும் இருக்கும்.

முதலில் அந்தத் தவணையைப் பார்த்துவிடுவோம். 2,600 வீதம் 12 மாதம் என்றால் 31,200 ரூபாய். 27,000-க்கு 4,200 ரூபாய் வட்டி, அதாவது பதினைந்தரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 27,000 ரூபாயும் வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. மாதாமாதம் அசலும் சேர்ந்தே குறைகிறது. வருடம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய பாதித் தொகைக்குத்தான் நீங்கள் கடன்காரர். பாதித் தொகைக்கு 4,200 ரூபாய் வட்டி என்று பாருங்கள். சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 27 சதவீதத்துக்கு மேல் வருகிறது. நகையை வங்கியில் வைத்தால்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். மாதம் 2,600 கட்ட முடியும் என்று நீங்கள் நினைத்ததால்தான் இந்த யோசனையே வந்திருக்கிறது. சரி, அதே 2,600-ஐ உங்கள் பெயரிலேயே போட்டு வாருங்கள். 11-வது மாதம் 28,600 ரூபாய் இருக்கும், வட்டி தனி. அடுத்த வருடம் அதே மூன்று நாளுக்கு ரொக்கமாகப் போகலாம்.

அப்புறம் ஆர்.டி. தபால் நிலைய ஆர்.டி.யை மூன்று வருடம் முடிவதற்கு முன்னால் மூடவே முடியாது. அதற்கப்புறம், முதிர்வுக்கு முன்னால் மூடினாலும் ஆர்.டி.க்கு உரிய 6.7 சதவீத வட்டி கிடைக்காது, சேமிப்புக் கணக்குக்கு உரிய 4 சதவீதம்தான். 12 தவணைக்கு மேல் கட்டியிருப்பதால் இருப்பில் பாதி வரை கடன் கிடைக்கும், வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். தவணைத் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரி அட்மிஷன் மாதிரி ஓர் அவசரத்துக்கு அந்த வழி இருக்கட்டும். மகளுடைய பணத்தில் சுற்றுலா வேண்டாம்.

இனி அந்த ஒரு நாள். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். ஊட்டி ஏரி, தொட்டபெட்டா, பொட்டானிக்கல் கார்டன் எல்லாவற்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஒரு நாள் பயணத்தில் காசைத் தின்பது நாள் வாடகைக் கார்தான். அதைப் பிடித்துவிட்டால், கொடுத்த காசுக்கு நாலு இடமாவது பார்க்க வேண்டுமே என்று ஓட ஆரம்பித்துவிடுவோம். அத்தை வீட்டில் உட்கார நேரம் இருக்காது.

விடியற்காலையில் பஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் டிபனை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குள் குன்னூர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயில் பத்தரை வாக்கில் அங்கே வந்து சேரும். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். 1899 முதல் குன்னூர் வரைக்கும் ஓடுகிற ரயில் அது. கல்லாறிலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்த நீராவி எஞ்சினைக் குன்னூரில் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். புஸ்ஸென்று ஆவி விட்டபடி அது நம் பக்கத்தில் நகர்ந்து போகும்போது, சூடு கன்னத்தில் அடிக்கும். உள்ளே உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இது இவ்வளவு கிட்டத்தில் கிடைக்காது. உங்கள் மகன் இதை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பான்.

அம்மாவுக்கு மேடு ஏறச் சிரமம் என்பதால் அங்கிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். 1874-ல் உருவான பூங்கா. உள்ளே ஒரு ருத்ராட்ச மரம் நிற்கிறது, அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள். இந்த ஓர் இடம் போதும். பன்னிரண்டரைக்கு அருவங்காடு பஸ். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துத் திட்டத்தை மலைப்பகுதிகளுக்கும் 2024-ல் நீட்டித்தார்கள்; வருகிற பஸ் அதில் சேர்ந்ததா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த வண்டியோ வாடகைக் காரோ என்றால் இ-பாஸ் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து வாருங்கள்.

நான் போடும் கணக்கு இது. போகவர பஸ்ஸுக்கு 1,500, காலை டிபனுக்கு 600, ஆட்டோவுக்கு 800, பிளாட்பாரம், பூங்கா டிக்கெட்டுகளுக்கு 500, பிள்ளைகள் கேட்பதை வாங்கித்தர 1,000. மதியச் சாப்பாடு அத்தை வீட்டில். அந்த வீட்டுக்கென்று 2,800 ரூபாய் தனியாக வையுங்கள், இதில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து 7,200. மிச்சம் 2,300 ரூபாயை வேறு பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பிள்ளைக்கு வாந்தி, பஸ் தாமதம் என்று ஏதாவது வந்தால் கைகொடுக்கும்.

அந்த 2,800-ல் 800-க்கு ஸ்வீட் பாக்ஸை வாங்கிவிடாதீர்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறதோ என்னவோ. நல்ல தேங்காயாக ஆறு, ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு கட்டு வாழையிலை, கொஞ்சம் பழம். அந்தக் குளிரில் தென்னையும் முருங்கையும் வளராது. எங்கள் வீட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து யாராவது வந்தால் அம்மா முதலில் பையில் முருங்கைக்காய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். முதல் நாளே போன் செய்து, "அத்தை, இலையும் காயும் நாங்கள் கொண்டுவருகிறோம், ஒரு ரசம் வைத்தால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர்களைக் கறி எடுக்க ஓடவிடக் கூடாது.

மீதி 2,000 ரூபாயை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நாத்தனாருக்கு அவர் கையாலேயே, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கட்டும். அத்தை வேண்டாம் என்று தள்ளுவார், அம்மா விடமாட்டார். நான்கு வருட இடைவெளியை அவர்கள் இருவரும் பேசித்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் அந்த நேரத்தில் மாமாவோடு வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

மாமாவிடம் மெதுவாக ஒன்று கேளுங்கள். அவருடைய ஓய்வூதிய ஆவணத்தில் அத்தையின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கின்றனவா? வங்கிக் கணக்கிலும் வைப்புத் தொகையிலும் நாமினி போட்டிருக்கிறாரா? ஒரு எழுத்து மாறியிருந்தால்கூடப் பின்னால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அத்தை அலைய வேண்டியிருக்கும். மாமா இருக்கும்போதே ஒரு மனு கொடுத்துத் திருத்திவிடலாம். நவம்பரில் கொடுக்கிற உயிர்வாழ் சான்றிதழையும் இப்போது போனில் முகத்தைக் காட்டியே கொடுக்க முடிகிறது. மகளை விட்டு அந்தச் செயலியைப் போட்டு, எப்படிச் செய்வது என்று மாமாவுக்குக் காட்டச் சொல்லுங்கள். எட்டாவது படிக்கிற பெண் நம்மைவிடப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும்.

நாலரைக்கு டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் குன்னூரில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடலாம். கிளம்பும்போது அத்தை ஒரு பை நிறைய கேரட்டும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுப்பார். அதற்காக ஒரு துணிப்பையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மட்டும் போக வேண்டாம். மண் சரிந்தால் ரயிலும் நிற்கும், ரோடும் நிற்கும்.

டிராவல்ஸ்காரர் தவணைப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்று ராத்திரியே அத்தைக்குப் போன் போடுங்கள்.