அரங்கக் கலையில் மேற்படிப்பு: எந்தப் பட்டம், எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி: வணிகவியலில் பட்டம் முடித்துவிட்டுச் சில ஆண்டுகளாக ஒரு நாடகக் குழுவில் இயங்கி வருகிறேன். நடித்திருக்கிறேன், நாடகங்களை இயக்கியும் இருக்கிறேன். அமெரிக்காவில் நாடகத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. எம்.ஏ., எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) இரண்டில் எது எனக்குப் பொருந்தும்? கல்லூரியில் நாடகம் படிக்காதவருக்கு இடம் கிடைக்குமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்? கடனில் மூழ்காமல் படிக்க வழி உண்டா?

பதில்: இளங்கலையில் நாடகம் படிக்காதது தடையே அல்ல. எம்.எஃப்.ஏ. படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏதேனும் ஒரு துறையில் பட்டம் இருந்தால் போதும். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, பட்டம் பெறாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அதே படிப்பை முடிக்கும் அவர்களுக்கு எம்.எஃப்.ஏ.வுக்குப் பதிலாகச் சான்றிதழ் தருகிறது. தேர்வுக் குழுவினர் மதிப்பெண்ணைவிட உங்கள் மேடை வேலையைத்தான் துருவிப் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு வரி. நடித்திருக்கிறேன், இயக்கியும் இருக்கிறேன் என்கிறீர்கள். சிறு குழுவில் எல்லோரும் எல்லாம் செய்வார்கள். அது நல்ல பயிற்சியும்கூட. ஆனால் எம்.எஃப்.ஏ.வில் நடிப்பு, இயக்கம், நாடக எழுத்து, அரங்க அமைப்பு, ஒளி, ஒலி, உடை, மேடை மேலாண்மை, தயாரிப்பு நிர்வாகம் என ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனித் தேர்வு. இரண்டையும் செய்வேன் என்று எழுதினால், இரண்டிலும் இன்னும் முடிவெடுக்காதவர் என்றே படிப்பவருக்குத் தோன்றும். ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது மனம் எதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறது? நீங்கள் பேசிய வசனத்தையா, மேடையில் மற்றவர்கள் நின்ற இடங்களையா? முந்தையது என்றால் நடிப்புக்கும், பிந்தையது என்றால் இயக்கத்துக்கும் விண்ணப்பியுங்கள். இதை முடிவு செய்யாமல் கல்லூரிகளின் பட்டியலைத் திறக்காதீர்கள்.

இனி பட்டம். எம்.ஏ. பொதுவாக ஓரிரு ஆண்டுகள். நாடக வரலாறு, கோட்பாடு, விமர்சனம் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தது. எம்.எஃப்.ஏ. பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். பகலில் வகுப்பு, மாலையில் ஒத்திகை, வார இறுதியில் காட்சி என்று உடலையும் நேரத்தையும் முழுதாகக் கேட்கும் தொழிற்பயிற்சி. நாடகத்தைச் செய்முறையாகக் கற்பிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ.வே உச்சப் பட்டமாகக் கருதப்படுகிறது. அதற்கு மேல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. மாறாக, நாடகத்தைப் பற்றி ஆய்வு செய்து எழுதுவதுதான் உங்கள் விருப்பம் என்றால் முனைவர் படிப்புக்கே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் சென்டர், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் அதற்கு வலுவான துறைகள் உண்டு. அங்கே ஆடிஷன் கிடையாது. உங்கள் ஆய்வுக் கட்டுரைதான் ஆடிஷன். தாய்மொழியின் நாடக மரபை மூல மொழியிலேயே வாசிக்கவும் கலைஞர்களோடு நேரில் உரையாடவும் முடிவது அங்கே பெரிய பலம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எம்.எஃப்.ஏ.தான் பொருந்தும். அதிலும் இயக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: நாடகப் படிப்புக்காகப் பெருங்கடன் வாங்காதீர்கள். எவ்வளவு புகழ்பெற்ற பள்ளியானாலும் சரி. ஹார்வர்டோடு இணைந்திருந்த ஏ.ஆர்.டி. நாடகப் பயிற்சி நிறுவனம், மாணவர்களின் கடன் அவர்களுடைய வருமானத்துக்குப் பொருந்தவில்லை என்று அமெரிக்கக் கல்வித் துறை சுட்டிக்காட்டிய பிறகு 2017இல் மாணவர் சேர்க்கையை நிறுத்தியது. நாடகத்தில் கிடைக்கும் சம்பளம் அந்த அளவு கடனைத் தாங்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கட்டணமில்லாத வழிகள் இருக்கின்றன. ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் அளித்த 15 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு, 2021 முதல் யேல் நாடகப் பள்ளியில் முழுநேர மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. நாடக எழுத்து என்றால், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலுள்ள மிச்சனர் மையம் மூன்று ஆண்டுகளுக்கும் உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கிறது. பெயர் அதிகம் அடிபடாத பல அரசுப் பல்கலைக்கழகங்களில் 'அசிஸ்டன்ட்ஷிப்' என்ற ஏற்பாடு உண்டு: இளங்கலை மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு எடுப்பது, அரங்கப் பட்டறையில் வேலை பார்ப்பது போன்ற பணிகளுக்கு ஈடாகக் கட்டண விலக்கும் மாத ஊதியமும் தருவார்கள். பெயருக்காகக் கடன் வாங்கிப் படிப்பதைவிட இந்த இடங்களையே நான் பரிந்துரைப்பேன். இயக்குநராக வளர வேண்டியவருக்கு நல்ல நடிகர்களும் ஓர் அரங்கமும் தவறு செய்ய நேரமும் கிடைத்தால் போதும். அனுமதிக் கடிதம் வந்ததும், கட்டண விலக்கு எத்தனை ஆண்டுகளுக்கு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, கோடை மாதங்களுக்கு ஊதியம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நோக்க அறிக்கை, அதாவது ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை. 'சிறுவயது முதலே நாடகம் என் உயிர்மூச்சு' என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழு மூட்டை மூட்டையாகப் படிக்கிறது. அந்த வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒத்திகையில் சந்தித்த ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு தந்தையும் மகளும் சண்டையிடும் காட்சி. எப்படிச் செய்தாலும் இருவரும் கத்துவது மட்டுமே மிஞ்சுகிறது. நீங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறீர்கள்: பேசிக்கொண்டே துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். தந்தையோ அவள் அடுக்கியதை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். குரல் தானாகத் தணிகிறது, சண்டை கைகளுக்கு வந்துவிடுகிறது. இப்படி ஒரு பத்தி எழுதினால், காட்சியை நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு உங்களால் தீர்க்க முடியாமல் போன ஒன்றையும் சொல்லி, அதைக் கற்க இந்தப் பள்ளி ஏன் சரியான இடம் என்று எழுதுங்கள். பள்ளியின் பெயரை மாற்றினாலும் அப்படியே பொருந்தும் அறிக்கையாக இருந்தால், மறுபடி எழுத வேண்டும்.

இயக்கத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் பணித்தொகுப்பு ஒன்றும் அனுப்ப வேண்டும். காட்சிப் படங்களோடு, நீங்கள் குறிப்பெழுதிய பிரதியின் சில பக்கங்களையும், நடிகர் நகர்வுகளைக் காட்டும் வரைபடத்தையும், ஆரம்ப யோசனை எப்படி மாறியது என்ற சிறு விளக்கத்தையும் சேருங்கள். நீங்கள் இயக்க விரும்பும் ஒரு நாடகத்துக்கான திட்டத்தையும் பல பள்ளிகள் கேட்கும். நேர்காணலில் அதைத்தான் குடைவார்கள். அதனால் மனதுக்கு நெருக்கமான, நன்றாகத் தெரிந்த நாடகத்தையே தேர்ந்தெடுங்கள்.

நடிப்பு என்று முடிவு செய்தால், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனி வசனப் பகுதிகளைக் கேட்பார்கள்; வழக்கமாக ஒன்று செவ்வியல், மற்றது சமகாலம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். திரைப்படத்திலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே எழுதியதும் வேண்டாம். முழு நாடகத்தையும் படித்த பிறகே பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பழைய நினைவை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கும் பகுதிகள் ஆடிஷனில் எடுபடுவதில்லை. எதிரில் இருப்பதாகக் கொள்ளும் ஒருவரிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற்றே தீர வேண்டும் என்று பாத்திரம் போராடும் பகுதி வேண்டும். ஆங்கில உச்சரிப்பைச் செயற்கையாக மாற்றிக்கொள்ளாதீர்கள். சொல் தெளிவாகக் கேட்டால் போதும்.

செய்து முடித்ததும் ஆசிரியர், 'இதையே தூங்கும் குழந்தையை எழுப்பாமல் சொல்லுங்கள்' என்பது போல ஏதாவது மாற்றம் கேட்கலாம். முதலில் செய்தது தவறு என்று அதற்குப் பொருளல்ல. புதிய யோசனையை உங்கள் உடல் எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்கிறது என்று பார்க்கிறார். வீட்டில் ஒரே மாதிரி நூறு முறை உருப்போட்டவர் இந்த இடத்தில்தான் திணறுவார். எனவே நண்பர் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் வேறொரு சூழலைச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் வழக்கமாக மூன்று. பிரபலங்களைத் தேடி அலைய வேண்டாம். உங்களோடு ஒத்திகையில் நின்றவர் எழுதும் கடிதத்துக்கே மதிப்பு. ஆங்கிலத் தேர்ச்சிக்கு டோஃபெல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேவைப்படும். மேற்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வான ஜி.ஆர்.இ.யை எம்.எஃப்.ஏ. படிப்புகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

படிப்பு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும் என்றால், விண்ணப்பங்கள் பெரும்பாலும் முந்தைய டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும். ஆடிஷனும் நேர்காணலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். வெளிநாட்டவருக்குக் காணொளி வழியாகவும் பல பள்ளிகள் வாய்ப்பளிக்கின்றன. 1969இல் தொடங்கப்பட்ட 'உர்டா' என்ற பல்கலைக்கழக அரங்குகளின் கூட்டமைப்பு, ஒரே ஆடிஷனில் பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் உங்களைப் பார்க்கும் வசதியைச் செய்து தருகிறது. தனித்தனி விண்ணப்பக் கட்டணங்களைக் குறைக்க அது நல்ல வழி.

மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலைக்கு 12 மாத அனுமதி பெறலாம். அறிவியல், பொறியியல் மாணவர்களுக்குள்ள 24 மாத நீட்டிப்பு நடிப்புக்கும் இயக்கத்துக்கும் கிடையாது. அந்த ஓராண்டில் என்ன செய்வது என்பதைப் படிக்கும்போதே திட்டமிடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் ஒன்று செய்யுங்கள். சில எம்.எஃப்.ஏ. படிப்புகள் ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை. ஒரு வகுப்பு வெளியேறிய பிறகே அடுத்ததைச் சேர்க்கும். சில அடியோடு மூடப்பட்டும் இருக்கின்றன, சான்ஃபிரான்சிஸ்கோவின் ஏ.சி.டி. அரங்கம் நடத்திவந்த எம்.எஃப்.ஏ. 2022இல் முடிவுக்கு வந்தது. ஆகவே உங்கள் பட்டியலிலுள்ள ஒவ்வொரு துறைக்கும் இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் சேர நினைக்கும் ஆண்டில் இயக்கத்துக்கு ஆள் எடுக்கிறார்களா, எத்தனை பேரை, என்ன நிதி உதவியோடு என்று கேட்டுவிடுங்கள்.