பேச்சும் தாமதம், சோறும் வேண்டாம் என்கிறான்: மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். சோறு, இட்லி, காய் எதையும் வாயில் வைக்க மாட்டான். கடையில் வாங்கும் பிரெஞ்ச் ஃபிரைஸ், சிக்கன் நக்கெட், பிஸ்கட், பால், இவ்வளவுதான் அவன் சாப்பாடு. அதுவும் போனைக் காட்டினால்தான் இறங்கும். கடைத் தீனியால்தான் பேச்சு வரவில்லை என்கிறார் மாமியார். ஏதோ சாப்பிடுகிறானே, விட்டுவிடு என்கிறார் கணவர். வாயைத் திறந்து கேட்டால்தான் ஃபிரைஸ் தர வேண்டும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அடியோடு நிறுத்திவிடலாமா? வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, நர்சரியில் ஆங்கிலம் என்பதால் குழம்புகிறானா?
(ஒரு தாய், செம்பூர், மும்பை)

பதில்: முதலில் உங்கள் மாமியாரின் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃபிரைஸும் நக்கெட்டும் தின்றதால்தான் ஒரு பிள்ளைக்குப் பேச்சு வராமல் போனது என்று சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நீங்கள் கொடுத்த உணவால் வந்த குறை இது என்ற எண்ணத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காக, கணவர் சொல்வதுபோல் விட்டுவிடவும் கூடாது. இரண்டு வயது நிறையும்போது ஏறக்குறைய ஐம்பது சொற்கள் தெரிந்து, ‘பால் வேணும்’, ‘அம்மா வா’ என்று இரண்டு சொற்களைச் சேர்ப்பதும், மூன்று வயதில் சிறு வாக்கியங்களாகப் பேசுவதும் இயல்பு. மூன்றரை வயதில் பத்துப் பதினைந்து சொற்கள் என்பது பொறுத்திருந்து பார்க்கக்கூடிய நிலை அன்று. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று உறவினர் யாரேனும் ஆறுதல் சொன்னால், அதை நம்பி இன்னும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பேச்சுத் தாமதமும் உணவுப் பிடிவாதமும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ஒன்றால் மற்றொன்று வந்தது என்பதைவிட, இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பதே எங்கள் முதல் ஐயம். சில பிள்ளைகளுக்கு வாயின் தொடுவுணர்வு மிகக் கூர்மையானது. குழைந்த சோறும், விதையோடு வழுக்கும் தக்காளியும், பருப்புக்குள் தட்டுப்படும் கறிவேப்பிலையும் அவர்களுக்கு உண்மையாகவே தாங்க முடியாத உறுத்தல். வீட்டுச் சாம்பார் நேற்று இருந்ததுபோல் இன்று இருப்பதில்லை. கடை ஃபிரைஸோ எந்தக் கிளையில் எந்த நாளில் வாங்கினாலும் அதே நிறம், அதே உப்பு, அதே மொறுமொறுப்பு. இந்த மாறாத தன்மையைத்தான் பிள்ளை தேடுகிறான். ஆட்டிசம், அதாவது பிறரோடு பழகுவதும் பேசுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை, உள்ள பிள்ளைகளிடம் இத்தகைய குறுகிய உணவுத் தேர்வு மற்றவர்களைவிட அதிகம். விரலால் சுட்டிக்காட்டாமல் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதும் நாங்கள் கவனித்துக் கேட்கும் அறிகுறிதான் என்றாலும், ஒரு கடிதத்தை வைத்து யாரும் அந்த முடிவுக்கு வரக் கூடாது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் காட்ட வருகிறானா, பொம்மைக்குச் சோறூட்டுவதுபோல் பாவனையாக விளையாடுகிறானா என்பதையெல்லாம் குழந்தை வளர்ச்சி மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்கு முன்பே முடிக்க வேண்டியது காதுப் பரிசோதனை. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான், போனில் பாட்டைக் கேட்டு ஓடி வருகிறான் என்பதால் மட்டும் செவி முழுமையாகக் கேட்கிறது என்று கொள்ள முடியாது. பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தாலும், அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிப் பேச்சொலிகள் மங்கலாகக் கேட்பதுண்டு. பாந்த்ராவில் உள்ள மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் செவிப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் கிடைக்கின்றன. செம்பூரிலிருந்து அது எட்டாத தூரம் அன்று.

இனி உணவு. பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் அன்று என்றேனே தவிர, தீங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. என் பெரிய கவலை இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. உருளைக்கிழங்கிலும் மைதாவிலும் இரும்பு சொற்பம், பாலில் மிகச் சொற்பம். வளரும் மூளைக்கு இரும்பு தேவை. அது குறைந்தால் கவனமும் கற்றலும் தளர்வதோடு பசியும் மந்தமாகும், பசி மந்தமானால் புதிய உணவைத் தொடும் ஆசையும் போய்விடும். பால் நாளொன்றுக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் போகிறதா என்று அளந்து பாருங்கள். போனால் முதலில் குறைக்க வேண்டியது ஃபிரைஸ் அன்று, பால். இரும்புச்சத்து மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ரத்த அளவு), வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்த்த பிறகு அளவை மருத்துவர் சொல்லட்டும். எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையவும் வேண்டாம். பல ஆண்டுகள் ஃபிரைஸ், சிப்ஸ், வெள்ளை ரொட்டி போன்றவற்றை மட்டுமே உண்டு வந்த ஓர் இளைஞன் சத்துக்குறைவால் பார்வையை இழந்ததை 2019இல் பிரிட்டனின் பிரிஸ்டல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அவனுடைய எடை இயல்பாகவே இருந்தது. மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லுங்கள், அதைச் சரிசெய்யாமல் பசி வராது.

அடியோடு நிறுத்தலாமா என்றால், வேண்டாம். பசித்தால் தானாகத் தின்பான் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். நான் மேலே சொன்ன வகைப் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே தவிர, சோற்றைத் தொட மாட்டார்கள். இருக்கும் நான்கு உணவில் இரண்டைப் பறித்தால் மிஞ்சுவது இரண்டுதான். அவன் விரும்பும் மொறுமொறுப்பைப் பிடித்துக்கொண்டே, ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றமாக நகர்த்துங்கள். முதலில் கடை ஃபிரைஸைப் பொட்டலத்திலிருந்து எடுத்து வீட்டுத் தட்டில் வையுங்கள். அது பழகியபின் நாலைந்து துண்டு வீட்டில் பொரித்தது, அப்புறம் பாதிக்குப் பாதி. பின்னர் அதே வடிவில் வாழைக்காய், சேனைக்கிழங்கு, ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி. நக்கெட்டுக்குப் பக்கத்தில் வீட்டில் செய்த கோழி கட்லெட், அதிலிருந்து முள் நீக்கிப் பொரித்த வஞ்சிரம், பருப்பு வடை, முறுகலான அடை. நம் சமையலில் மொறுமொறுப்புக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஒரு புதிய பண்டத்தை ஏற்கப் பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது, தொடுவது, முகர்வது, நக்கித் துப்புவது எல்லாமே முன்னேற்றம்தான். வாயைப் பிடித்துத் திணிப்பதும், பாலுக்குள் காயை அரைத்து மறைப்பதும் கூடாது. ஒருமுறை கண்டுகொண்டால் அந்தப் பாலையும் விட்டுவிடுவான்.

கேட்டால்தான் தருவேன் என்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். சொல் வராத பிள்ளையிடம் சொல்லைக் கேட்டு உணவை நிறுத்திவைப்பது, பேச்சையும் சாப்பாட்டையும் ஒரே நேரத்தில் அச்சத்துக்குரியவையாக ஆக்கிவிடும். மாறாக, கொஞ்சமாக வைத்துவிட்டு, ‘ஃபிரைஸ் வேணுமா, அப்பளம் வேணுமா?’ என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். சில நொடிகள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். கை நீட்டினாலும், பார்த்தாலும், ‘ஃபை’ என்று முனகினாலும் அது பதில்தான். உடனே கொடுத்து, ‘ஃபிரைஸ், சூடான ஃபிரைஸ்’ என்று நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பரிமாற்றம் நடக்க வேண்டுமானால் போன் நடுவில் இருக்கக் கூடாது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை நல மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. சாப்பாட்டு வேளையில் அறவே வேண்டாம் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். ஒரே நாளில் முடியாது. மாலைச் சிற்றுண்டியில் தொடங்கி, வேளைக்கு வேளை விரிவுபடுத்துங்கள்.

மூன்று மொழிகள் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். உங்களுக்கும் பாட்டிக்கும் எந்த மொழியில் கொஞ்சவும் கதை சொல்லவும் வருகிறதோ, அதுதான் அவனுக்கு வேண்டிய மொழி.

பால், கோதுமை இரண்டையும் நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. ஏற்கெனவே குறைவாகத் தின்னும் பிள்ளைக்கு அது ஆபத்து. விழுங்கும்போது இருமினாலோ புரையேறினாலோ, எடை இறங்கினாலோ, இருந்த உணவுகளில் ஒன்றை விட்டுவிட்டாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, கால் வலித்து நொண்டினாலோ, மங்கலான வெளிச்சத்தில் தடுமாறினாலோ, முன்பு சொன்ன சொற்களைச் சொல்லாமல் போனாலோ, முன்பதிவு செய்த நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.